வெள்ளையன் சொல்ல மறுத்த வரி

போன மாதம் என் தங்கை பானுவுக்குச் சேலத்தில் பித்தப்பையை எடுத்தார்கள். வயிற்றில் நாலு சின்னத் துளை, அவ்வளவுதான். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே வழவழப்பான ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் என்ன நடக்கும், அப்போது என்ன, பிறகு என்ன என்று படத்தோடு அச்சடித்திருந்தது. நானும் வாங்கிப் படித்தேன், ஒரு பிழை இல்லை. ஆனால் அதைக் கொடுத்த பெண் "படிச்சுப் பாத்துக்கங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். பானு மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். தாளை நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டு, "எல்லாம் அல்லாஹ் பாத்துக்குவான்" என்றாள்.

அவன் பார்த்துக்கொள்வான், சரி. நான் எதற்கு இருக்கிறேன்? நாற்காலியை இழுத்துப் போட்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்து, "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, நாளைக்கு எனக்கும் அதேதான்" என்றார். தாள் கொடுத்த பெண் திரும்பி வந்து, கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "நீங்க நர்ஸாங்க?" என்றாள். ஏற்காட்டில் தியேட்டர் சிஸ்டராக இருந்தேன் என்றேன். "ஏற்காட்டிலயா? அந்தக் காலத்துல அங்க லேப்ராஸ்கோப்பி எல்லாம் இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள் பாருங்கள், எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

என் பெயர் மெஹருன்னிசா. அத்தா ஏற்காடு பஜாரில் கம்பளியும் குடையும் விற்றார். நர்ஸ் படிப்பு கீழே சமவெளியில் மூன்றரை வருஷம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை விரித்தேன், திட்டு வாங்கினேன், பாஸானேன். எழுபதுகளின் கடைசியில் எங்கள் மலையிலேயே இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஊர்க்காரர்களுக்கு நான் 'பாய் ஊட்டு சிஸ்டர்'. தொண்ணூறுகள் முடிகிறவரை அந்த ஆஸ்பத்திரியின் ஒரே ஆபரேஷன் தியேட்டர் என் பொறுப்பில்தான் இருந்தது.

அங்கே எங்களுக்கெல்லாம் மேலே இருந்தவர் டாக்டர் சுகிர்தம். குட்டையான உருவம், நரைத்த கொண்டை, யாருக்கும் கேட்காத மெல்லிய குரல். சந்தோஷமாக இருந்தால் என்னைக் 'கண்ணு' என்பார். 'சிஸ்டர்' என்று மரியாதையாக அழைத்தால் என்னவோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். 'சிஸ்டர் அவர்களே' என்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வார்டுக்குள் வரும்போது கையில் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டே வருவார். நோயாளியின் கட்டிலைவிடத் தாழ்ந்த முக்காலி. அதில் உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்துத்தான் பேசுவார். எஸ்டேட்டில் காலமெல்லாம் நின்றபடி உத்தரவு வாங்கியே பழகிய சனங்கள், டாக்டர் தங்களுக்குக் கீழே உட்கார்வதைப் பார்த்து முதலில் பதறிப் போவார்கள். அப்புறம் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களிடம் லேப்ராஸ்கோப் வந்தது. இப்போது மாதிரி டி.வி. கிடையாது. நீளமான ஒரு குழாய், அதன் நுனியில் விளக்கு. குழந்தை போதும் என்கிற பெண்களுக்குக் கருக்குழாயைக் கட்டுவதற்காக வந்தது அது. தொப்புளுக்குக் கீழே சின்னதாகத் துளை போட்டு, உள்ளே விட்டு, டாக்டர் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பார். அவர் பார்ப்பது வேறு யாருக்கும் தெரியாது. வயிற்றுக்குள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், இடைவெளி இல்லாமல் பார்க்க முடியாது. அதனால் முதலில் காற்றை ஏற்றி, கொசுவலையைத் தூக்கிக் கட்டுகிற மாதிரி வயிற்றின் மேற்சுவரைத் தூக்கிவிடுவோம். வேலை முடிந்ததும் காற்றை வெளியே விட்டுவிடுவோம். முழுசாக வராது, கொஞ்சம் தங்கும். அந்த மிச்சக் காற்று நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தடுப்பை உறுத்தும். அந்தத் தடுப்புக்குப் போகிற நரம்பு தோளிலும் கை வைத்திருக்கிறது. ஆகையால் துளை போட்டது வயிற்றில், வலி தோளில்.

இது எங்களுக்குத் தெரியும். பக்கத்து ஊரான கரடியூரிலிருந்து வந்த பெண்களுக்கு யாரும் சொல்லவில்லை. முதல் தடவை வந்த நாலைந்து பேரும் தோளைப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். விறகுக்கட்டும் காப்பி மூட்டையும் சுமக்கிற தோள். "வயித்துல பண்றேன்னு கூட்டிட்டுப் போயி தோள்ல எதையோ உருவிட்டாங்க" என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. அடுத்த முறை கரடியூரிலிருந்து ஒரு ஈ, காக்கை வரவில்லை.

அன்றைக்கு டாக்டர் சுகிர்தம் என்னை 'சிஸ்டர்' என்றார். "முன்னாடியே சொல்லியிருந்தா அது வலி, சிஸ்டர். சொல்லாம வந்தா அது நாம பண்ணின ஏமாத்து வேலை." அன்றிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு சட்டம் வந்தது. மேசையில் ஏறப் போகிற ஒவ்வொருவருக்கும் என்ன நடக்கும் என்று முந்தின நாள் சாயங்காலம் நான் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் அவர்கள் அதைத் தங்கள் சொந்த வார்த்தையில் டாக்டரிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆபரேஷன் கிடையாது. இதற்கு நாங்கள் 'பாடம்' என்று பேர் வைத்தோம்.

பாடம் ஒரே நாளில் முழுசாகிவிடவில்லை. மாரமங்கலத்துப் பெண் ஒருத்தி காலையில் கடகடவென்று ஒப்பித்தாள். "வயித்துல காத்து ஏத்துவீங்க. அதுக்குத்தானுங்க, எங்கூட்டுக்காரரு விடிகாலையிலேயே ஓமமும் பூண்டும் பெருங்காயமும் போட்டுக் கசாயம் வெச்சுக் குடுத்தாரு. ஒரு சொம்பு குடிச்சுட்டேன். எவ்வளவு காத்து ஏத்துனாலும் தங்காதுங்க." எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. மருந்து கொடுத்து அசத்தியிருக்கும்போது வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் ஆளே போய்விடும். அவளைத் திருப்பி வார்டுக்கு அனுப்பினோம். வீட்டுக்காரர் வாசலில் நின்று, "சாப்பாடுதானுங்க ஆகாதுன்னீங்க, கசாயம் மருந்துங்களே" என்று நியாயம் கேட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு? எங்கள் ஊரில் வயிற்றில் வாயு என்றால் அதை வெளியேற்றாமல் யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டார்கள். அன்றைக்குப் பாடத்தில் இன்னொரு வரி சேர்ந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் பித்தப்பைக்கும் இதே வழி வந்தது. இந்தத் தடவை டி.வி.யோடு. சேலத்திலிருந்து டாக்டர் மணிவண்ணன் மாதம் ஒரு நாள் வேனில் வருவார், மயக்க மருந்து டாக்டரும் கூட வருவார். டி.வி.யையும் கேமராவையும் ரஜாயில் சுற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் ஆடாமல் இருக்க மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். மணிவண்ணன் கை அவ்வளவு சுத்தமான கை. அவர் வேலை செய்வதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஜெனரேட்டரை ஓடவிட்டு அதன் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்திருப்போம். ஏற்காடு முழுக்க 'டி.வி. ஆபரேஷன்' என்றுதான் பேச்சு. தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' பார்க்கிற மாதிரி சொந்தக்காரர்களும் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டு வந்தவர்கள் உண்டு.

அந்த டி.வி. ஆபரேஷனுக்கு வந்தவர்தான் செம்மநத்தம் வெள்ளையன். மிளகு பறிக்கிறவர். சில்வர் ஓக் மரத்தில் கொடி எவ்வளவு உயரம் போனாலும் ஒற்றை மூங்கிலைச் சாய்த்து ஏறிவிடுவார். அந்தப் பக்கத்து எஸ்டேட்டுகளில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர்கள் எல்லாரும் முதலில் அவரைத்தான் தேடுவார்கள். அந்த வருஷம் அவருக்கு வயிற்று வலி மூன்று முறை வந்து போயிருந்தது. கடைசி முறை காய்ச்சலோடு வந்தது. ஸ்கேனில் பை நிறையக் கல். இனி ஒரு முறை வந்தால் பை சீழ் பிடித்துப் பொத்துக்கொள்ளும், அப்போது என்னால் உத்தரவாதம் தர முடியாது என்று டாக்டர் சுகிர்தம் சொல்லியிருந்தார். மிளகுப் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய வெட்டுப் போட்டால் மாசக் கணக்கில் மரம் ஏற முடியாது. துளையில் எடுத்தால் சீக்கிரம் ஏறிவிடலாம். அவர் மனைவி காவேரியும் அவரும் டி.வி. ஆபரேஷன் நாளைக் கேட்டு அலைந்து வந்து சேர்ந்தார்கள்.

சாயங்காலம் நான் உட்கார்ந்து பாடம் சொன்னேன். பல வருஷமாகச் சொன்னது இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது:

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் எதுவும் வாயில படக்கூடாதுங்க. தண்ணி, காப்பி, வெத்தலை, கசாயம், திருநீறு கரைச்ச தண்ணி, ஒண்ணும் ஆகாது. காலையில தொப்புளை நல்லாச் சுத்தம் பண்ணுவோம், மொதத் தொளை அங்கதான். உள்ள கூட்டிட்டுப் போனா நொம்பக் குளுரும், அந்த ரூமே அப்படித்தான். கையில ஊசி போட்டதும் தூங்கிருவீங்க. அப்புறம் தொண்டையில கொழா போட்டு மூச்சை நாங்க குடுப்போம், அதனால எந்திரிக்கும்போது தொண்டை கரகரன்னு இருக்கும். வயித்துல காத்து ஏத்துவோம். தொப்புள்ல ஒண்ணு, நெஞ்சுக்குழிக்குக் கீழ ஒண்ணு, வலது பக்கம் சின்னதா ரெண்டு, ஆக நாலு தொளை. ஒண்ணுல கேமரா போகும், மத்ததுல இடுக்கியும் கத்திரியும். டாக்டர் டி.வி.யைப் பாத்தே பையை எடுத்துருவாரு. காத்தை வெளிய விட்டுத் தையல் போடுவாங்க. எந்திரிச்சா குமட்டும். தோள்பட்டை வலிக்கும், அது காத்து, ரெண்டு மூணு நாள்ல போயிரும். சாயங்காலமே புடிச்சுக்கிட்டு நடக்கணும். இன்னொண்ணு. உள்ள போய்ப் பாத்தாத்தான் தெரியும். தொளையில முடியாதுன்னா வலது விலாவுக்குக் கீழ கிழிச்சுத்தான் எடுப்பாங்க."

எங்கே கிழிப்பார்கள் என்று என் வயிற்றின்மேல் கையை வைத்துக் காட்டினேன். வெள்ளையன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தோள் வலியைப் பற்றி மட்டும் இரண்டு கேள்வி கேட்டார், ஏறுகிறவர் அல்லவா.

காலையில் டாக்டர் முக்காலியோடு வந்தார். வெள்ளையன் அருமையாகச் சொன்னார். வெற்றிலையைக்கூட விடவில்லை. நாலு துளையையும் தன் வயிற்றில் தொட்டுக் காட்டினார். "எந்திரிச்சா தோள் வலிக்கும், காத்துங்க அது. சாயங்காலமே நடக்கோணும்" என்று முடித்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னொண்ணு இருக்குங்களே" என்றார் டாக்டர்.

"அவ்வளவுதானுங்க."

"தொளையில முடியலைன்னா?"

வெள்ளையன் ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் இன்னொரு முறை முழுதும் சொன்னேன். அவரும் முதலிலிருந்து திருப்பிச் சொன்னார். அதே இடத்தில் நின்றுவிட்டார். மறந்துபோனால் தெரியும், முகம் தடுமாறும். இவர் மறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்துகிறார்.

இதற்குள் டாக்டர் மணிவண்ணன் கை கழுவத் தயாராகி வார்டு வாசலுக்கு வந்துவிட்டார். "கைநாட்டு வெச்சாச்சுல்ல மேடம்?"

"வெச்சாச்சு."

"அப்புறம் என்ன?"

"அவரு இன்னும் சொல்லலை."

மணிவண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. "இதையெல்லாம் சொன்னா பயந்து ஓடிருவாங்க மேடம். கீழ நான் இதைப் பெருசா எடுத்துச் சொல்றதே இல்லை. வேனை இன்னைக்கே திருப்பி அனுப்பணும். விட்டா அடுத்த மாசம்தான். இந்தப் பை அதுவரைக்கும் தாங்குமா?"

தாங்காது என்று டாக்டர் சுகிர்தத்துக்கும் தெரியும். ஆனாலும் முக்காலியை விட்டு எழவில்லை. "நீங்க சாயங்காலம் வண்டி ஏறிருவீங்க டாக்டர். நான் இந்த மலையில இருக்கணும்" என்றார், எப்போதும் போல மெல்லிய குரலில்.

எனக்கு உள்ளுக்குள் கோபமாக வந்தது. டாக்டர் மேல்தான். ஒரு வரிக்காக ஒரு உயிரைப் பணயம் வைக்கலாமா என்று தோன்றியது. வெள்ளையனிடம் போய், "ஏனுங்க, ஒரு வார்த்தைதானுங்களே, சொல்லிருங்க" என்று கெஞ்சினேன்.

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். "சிஸ்டருங்க, எங்கண்ணனுக்கும் வயித்துலதான். டவுனு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னிக்குப் பஸ் ஏறும்போது ஊரே கேக்கச் சிரிச்சுச் சொன்னான், என்ன பண்ணப் போறாங்கன்னு. வாயில வந்துருச்சு. போனவன் திரும்பி வரலீங்க. எனக்கு நீங்க சொல்றது வெளங்குது. நெசந்தான், மாட்டேங்கல. வாயில மட்டும் வரக்கூடாதுங்க."

டாக்டர் சுகிர்தம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறோம். இவர் எங்களை நம்புகிறார், தன் வாயைத்தான் நம்பவில்லை. நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது கெட்ட வார்த்தை காதில் விழக் கூடாது என்று நினைக்காத வீடு எங்கள் பக்கத்தில் எது? என் அத்தாவே கடையில் சரக்குத் தீர்ந்துவிட்டால் 'இல்லை' என்று சொல்ல மாட்டார், 'வரும்' என்பார்.

காவேரிதான் வழி கண்டுபிடித்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தவள், "சொல்லாட்டிப் போகுதுங்க. வெளங்கிச்சுன்னா காட்டுங்க" என்றாள் புருஷனிடம்.

டாக்டர் உடனே என்னைத் திரும்பிப் பார்த்தார். "கண்ணு, அந்த ஊதா மருந்தையும் குச்சியையும் கொண்டா."

வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்துதான். குச்சியில் பஞ்சு சுற்றி நனைத்துக் கொடுத்தேன். வெள்ளையன் படுத்தபடியே தலையைத் தூக்கி, தன் வயிற்றில் வலது விலாவுக்குக் கீழே மெதுவாக ஒரு கோடு இழுத்தார். கோடு கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. டாக்டர் அவர் கையைப் பிடித்து இரண்டு விரல் மேலே ஏற்றி வைத்தார், அவர் மறுபடி இழுத்தார். நெஞ்சுக்குழிப் பக்கமிருந்து சாய்வாக ஒரு சாண் நீளம். காவேரி குனிந்து அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

"சரிங்க. எனக்கு இது போதும்" என்று டாக்டர் எழுந்தார்.

தியேட்டருக்குள் என் வழக்கப்படி பெரிய ஆபரேஷனுக்கான கருவித் தட்டையும் விரித்து, பச்சைத் துணியால் மூடி வைத்திருந்தேன். மணிவண்ணனுக்கு அது கண்ணில் பட்டால் பிடிக்காது. "சகுனம் சரியில்லையே சிஸ்டர், அதை அந்தப் பக்கம் தள்ளுங்களேன்" என்பார். படித்தவர் படிக்காதவர் என்று என்ன இருக்கிறது? செம்மநத்தத்துக்காரருக்கு வாய், இவருக்குக் கண். நான் சிரித்துக்கொண்டே தட்டைத் தள்ளாமல் விட்டேன்.

மயக்கம் கொடுத்தார்கள். தொப்புளில் ஊசி விட்டுக் காற்று ஏற்றினார்கள். கேமரா உள்ளே போனது. டி.வி.யில் கல்லீரல் பளபளவென்று வந்தது. அதன் அடியில் பித்தப்பை இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்புச் சவ்வு போர்த்தி அப்பிக் கிடந்தது. மூன்று முறை வந்த வலி செய்த வேலை. மணிவண்ணன் பொறுமையாகச் சவ்வை உரித்து உரித்துக் கழுத்துப் பக்கம் போனார். அங்கே பித்தக்குழாய் எது, ரத்தக்குழாய் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாம் ஒரே கட்டியாக இருந்தது. நுனியை லேசாகத் தொட்டதும் டி.வி. முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

உறிஞ்சினார்கள், அழுத்திப் பிடித்தார்கள், திரும்பப் பார்த்தார்கள். மறுபடி சிவப்பு. எதிரே டாக்டர் சுகிர்தம் உதவிக்கு நின்றார். அந்த இடத்தில் குழாயை அடைக்கிற கிளிப்பை அவசரப்பட்டுத் தப்பான குழாயில் போட்டால் அந்த மனுஷனுக்கு ஆயுளுக்கும் மஞ்சள் காமாலைதான். மணிவண்ணன் ஒரு மூச்சு விட்டுவிட்டு, "கண்ணுல பாக்காம நான் கிளிப் போட மாட்டேன். ஓப்பன் பண்ணிரலாம்" என்றார். அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அந்த நொடியில் இரண்டு பங்கானது. துளையில் முடித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பு அவரிடம் துளியும் இல்லை.

பச்சைத் துணியை எடுத்துவிட்டுத் தட்டை மேசையருகே தள்ளினேன். கை கழுவி நின்ற நர்ஸ் கத்தியை எடுத்து அவர் கையில் வைத்தாள். மஞ்சள் மருந்து பூசியும் ஊதாக் கோடு மறையவில்லை. அதைப் பார்த்து முகமூடிக்குள் சிரித்து, "கோடு போட்டே வெச்சிருக்காரு மனுஷன்" என்றார் மணிவண்ணன்.

"மெஹரு, போய் அந்தம்மாகிட்டச் சொல்லிட்டு வா" என்றார் டாக்டர் சுகிர்தம். அதுவும் எங்கள் சட்டம்தான். பாடம் சொன்னவரே போய்ச் சொல்ல வேண்டும்.

வெளியே பனிமஞ்சு மூடியிருந்தது. காவேரி தூணோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள். தியேட்டரிலிருந்து பாதியில் வெளியே வருகிற நர்ஸின் முகத்தை எல்லாச் சொந்தக்காரர்களும் படித்துவிடுவார்கள். கத்திக் கூப்பாடு போடுவதும், நெஞ்சில் அடித்துக்கொள்வதும், என் தோளைப் பிடித்து உலுக்குவதும் நான் பார்த்ததுதான்.

"காவேரி, உள்ள எல்லாம் ஒட்டிக் கெடக்கு. ரத்தமும் கசியுது. தொளையில முடியாது, கிழிச்சுப் பாத்துத்தான் எடுக்கணும். ஆரம்பிக்கறாங்க."

அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "அவரு போட்ட கோட்டுலயேங்களா?"

"அதே கோட்டுலதான்."

"அப்பச் செய்யச் சொல்லுங்க சாமி. நான் இங்கயே இருக்கறனுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி உள்ளே போகும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முகமூடி இருந்தது நல்லதாயிற்று. நர்ஸ் வேலையில் எனக்குப் பாராட்டுப் பத்திரம் வந்திருக்கிறது, சால்வை போட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குச் சமமாக ஒன்றையும் நான் வாங்கியதில்லை. காலையில் டாக்டர் மேல் பட்ட கோபமும் அங்கேயே போய்விட்டது. அந்த வரியைச் சொல்லாமல் உள்ளே கொண்டுபோயிருந்தால், வாசலில் என்னைப் பார்த்து அவள் வேறு கேள்வி கேட்டிருப்பாள்.

கிழித்த பிறகு எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. ரத்தக்குழாயைக் கட்டினார்கள், பித்தக்குழாயைப் பிரித்துக் கட்டினார்கள், பை கையோடு வந்தது. சீழ் வைக்க ஆரம்பித்திருந்த பை. அடுத்த மாதம் வரை அது தாங்கியிருக்காது. மணிவண்ணன் அதை ஒரு கிண்ணத்தில் போட்டு டாக்டர் சுகிர்தத்திடம் காட்டினார். அதற்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம், கை கழுவப் போகும் முன்னால் வார்டுக்கு வந்து, "எல்லாரும் சொல்லியாச்சா சிஸ்டர்?" என்று அவரே கேட்பார். பெரிய தட்டைத் தள்ளி வைக்கச் சொன்னதும் இல்லை.

அந்த வருஷ மிளகு வெள்ளையனுக்குக் கிடைக்கவில்லை, அதை மறைப்பானேன். அவருடைய மரங்களில் வேறு ஆட்கள் ஏறினார்கள். காவேரி காப்பிப் பழம் பொறுக்கப் போய்க் குடும்பத்தை ஓட்டினாள். அடுத்த வருஷம் அவர் மறுபடி மூங்கிலைத் தூக்கிவிட்டார். ஆனால் நான் சொல்ல வந்தது அதெல்லாம் இல்லை. ஆபரேஷனுக்கு மறுநாள் காலையைத்தான்.

டாக்டர் சுகிர்தம் முக்காலியோடு வந்து உட்கார்ந்தார். வெள்ளையன் நன்றாக விழித்திருந்தார். மூக்கில் குழாய், வயிற்றில் நீளமாகக் கட்டு. காவேரி அவர் தலைமாட்டில் நின்றாள். எவ்வளவு வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார்.

"கிழிச்சாச்சுங்களா?" என்று திருப்பிக் கேட்டார் வெள்ளையன். தொண்டை கரகரத்தது.

"ஆமாங்க."

"எடுத்தாச்சுங்களா?"

"எடுத்தாச்சுங்க. இனி ஒண்ணும் இல்லை."

"அப்ப இனி அதைச் சொன்னா குத்தமில்லைங்களே" என்றார் வெள்ளையன்.

"இப்ப எதுக்குங்க? ஓய்வெடுங்க" என்று நான் சொல்லப் போனேன். டாக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

வெள்ளையன் கட்டின்மேல் உள்ளங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்றும் வாயில் படக் கூடாது. தண்ணி, காப்பி, வெத்தலை, கசாயம். ஒவ்வொன்றாக, மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ரூம் குளிரும். தொண்டையில் குழாய். காற்று. நாலு துளை. டாக்டர் சுகிர்தம் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேசையில் ஏறப் போகிறவரிடம் கேட்பதைப் போலவே கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மற்றக் கட்டில்காரர்களும் கேட்டார்கள். தோள் வலி வந்தது, சாயங்கால நடை வந்தது. முந்தின நாள் நின்றுபோன இடம் வந்தது. வெள்ளையன் காவேரியை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார்.

"உள்ள போய்ப் பாத்தாத்தானுங்க தெரியும்" என்றார். "தொளையில முடியாதுன்னா கிழிச்சுத்தான் எடுப்பாங்க."

"சரியாச் சொன்னீங்க" என்றார் டாக்டர்.